சோயா விதையின் நாட்கணக்கும் உட்கூறும்

கொழும்புப் புறக்கோட்டையில் சமையலுக்கு விற்கும் இறக்குமதிச் சோயாவில் ஒரு பிடி எடுத்துச் சாடியில் விதைத்தால், விதை பழையதாக இல்லாத வரை முளைத்துவிடும். நான்காம் கிழமையில் பூவும் வந்துவிடும். செடி அப்போது முழங்கால் உயரம்கூட இருக்காது. நாலைந்து கணுவோடு வளர்ச்சி நின்று, சில காய்களைத் தந்துவிட்டு மஞ்சளாகும். மண் சரியில்லை, பசளை போதவில்லை என்று நினைத்துப் பலர் யூரியா போடுகிறார்கள். மண்ணிலும் பசளையிலும் பிழை இல்லை. அந்தச் செடி தன் மரபணு சொன்னபடிதான் நடந்தது. அதன் மரபணு வேறோர் அகலக்கோட்டுக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

சோயாவைப் பற்றிப் பேசும்போது புரதம் எத்தனை சதவீதம், எண்ணெய் எத்தனை சதவீதம் என்றே தொடங்குவது வழக்கம். நம் இடத்துக்கு அந்த வரிசை சரிவராது. முதலில் நாட்கணக்கு, பிறகுதான் உட்கூறு. நாட்கணக்கு பிழைத்தால் மிகச் சிறந்த புரத மரபணு இருந்தும் அறுக்க விதை இராது.

சோயா குறும்பகல் பயிர். பகல் குறுகி இரவு நீளும்போது பூக்கும். 1920இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கார்னரும் அல்லார்டும் பகல் நீளமே பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று காட்டியது புகையிலையையும் பிலொக்ஸி என்ற சோயா இனத்தையும் வைத்துத்தான். பிலொக்ஸியை வசந்தத்தில் வெவ்வேறு நாட்களில் விதைத்தும் அவை கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பூத்தன. வட அமெரிக்காவில் சோயாவை 000 முதல் 10 வரை பதின்மூன்று முதிர்ச்சிக் குழுக்களாகப் பிரிப்பதும் இந்த அடிப்படையில்தான். எண் சிறிதானால் வடக்குக்கு உரியது, பெரிதானால் தெற்குக்கு உரியது.

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே ஜூன் மாத மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 30 நிமிடம். டிசம்பரின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 45 நிமிடம். ஆண்டு முழுவதற்குமான வித்தியாசம் முக்கால் மணி நேரந்தான். 40 பாகை வடக்கில் இருக்கும் அமெரிக்காவின் இலினோயில் ஜூன் பகல் 15 மணி நேரம். அங்கே பகல் குறையும்வரை காத்திருந்து பூக்கும் இனத்துக்கு இங்கே காத்திருக்க ஒன்றுமே இல்லை. முளைத்த நாளிலிருந்தே அதற்கு இது பூக்கும் காலம்.

இதை நடத்தும் மரபணுக்களில் முக்கியமானவை ஈ1, ஈ2, ஈ3, ஈ4 என்று பெயர் பெற்றவை. ஈ3, ஈ4 இரண்டும் ஒளியை உணரும் பைட்டோகுரோம் ஏ வகைப் புரதங்களுக்கானவை; முறையே 19ஆம், 20ஆம் நிறமூர்த்தங்களில் இருக்கின்றன. ஈ2, செடியின் உள் கடிகாரத்தைச் சேர்ந்த ஜைஜான்டியா என்னும் மரபணு. அது 10ஆம் நிறமூர்த்தத்தில். ஈ1 அவரைக் குடும்பத்துக்கே உரிய ஓர் அடக்கி. 6ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் இதன் அடையாளம் 2012இல்தான் உறுதியானது. பகல் நீளமாக இருக்கும்போது ஈ3யும் ஈ4உம் ஈ1ஐ ஊக்குவிக்கும். ஈ1 எழுந்தால் எஃப்.டி.2ஏ, எஃப்.டி.5ஏ என்ற இரண்டு பூத்தூண்டி மரபணுக்களும் அடங்கும். இலையில் உருவாகித் தண்டின் நுனிக்குப் போக வேண்டிய பூச் செய்தி போகாது. பகல் குறைந்ததும் ஈ1 தணியும், பூச் செய்தி புறப்படும்.

வடக்கே போகப் போக ஈ மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பழுதான வடிவங்களில் இருக்கும். அடக்கி முழுப் பலத்தோடு இருந்தால் பனி விழுமுன் பயிர் முற்றாது என்பதால் அங்குள்ள விவசாயிகள் அறியாமலே அப்படித் தெரிந்தெடுத்தார்கள். 2010இல் முழு மரபுத்தொகுதி வெளியான வில்லியம்ஸ் 82 இனத்திலேயே ஈ1 பாதிப் பலமுள்ள வடிவம். ஒரேயோர் அமினோவமிலம் மாறியதன் விளைவு அது.

தெற்கில் சிக்கல் தலைகீழானது. முழுப் பலமுள்ள ஈ1ஐக் கொண்டுவந்தால் இங்கே காலம் நீளும் என்று நினைக்கத் தோன்றும். பன்னிரண்டு மணிப் பகலில் அது பெரிதாக உதவாது. பகல் குறுகியதாக இருப்பதால் ஈ1 இங்கே விழிப்பதே குறைவு. உதவுவது ஜே என்ற வேறொரு மரபணு. 4ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் ஜே, ஈ1ஐ அடக்கி வைக்கும் புரதத்தை உருவாக்குகிறது. அது ஈஎல்எஃப்3 வகையைச் சேர்ந்தது என்பது 2017இல் தெளிவானது. ஜே செயலிழந்தால் ஈ1 மீதான பூட்டுத் திறக்கிறது. குறும்பகலிலும் ஈ1 எழுந்து எஃப்.டி.யை அடக்குகிறது, செடி பூக்குமுன் இன்னும் சில கிழமைகள் இலையும் கணுவும் போடுகிறது. இந்தக் குணத்துக்கு நீண்ட இளமைப் பண்பு என்று பெயர். பெரு நாட்டிலிருந்து சேகரிக்கப்பட்ட, பீ.ஐ. 159925 என்ற சேகரிப்பு எண் கொண்ட சோயா இதன் பழைய ஊற்றுகளில் ஒன்று. பிரேசில் தன் வெப்ப வலயத்துக்குள் சோயாவைக் கொண்டுபோக முடிந்ததில் இந்தப் பண்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்காக நீண்ட இளமையை அப்படியே கொண்டுவந்து இங்கே விதைக்கலாம் என்று சொல்ல மாட்டேன். இலங்கையில் சோயா பெரும்பாலும் சிறுபோகத்தில், அனுராதபுரம், மகாவலி எச் வலயம் போன்ற இடங்களில் நெல் வயலின் நீரைப் பங்கிட்டு வளர்கிறது. ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ விதைத்து ஆகஸ்டின் காய்ந்த வெயிலில் அறுக்கும் கணக்கு அது. நீண்ட காலமாக விதைக்கப்பட்டுவரும் பீபி-1 என்ற இனம் மூன்று மாதத்துக்குள் முற்றிவிடும். செயலிழந்த ஜே முழுதாகச் சேர்ந்து பயிர் 115, 120 நாளுக்குப் போனால் குளத்து நீர் தீர்ந்தபின் விதை நிரம்ப வேண்டியிருக்கும். என் கணிப்பில் நமக்கு வேண்டியது 90 முதல் 100 நாள். பூக்கும் நாளைப் பத்து நாள்வரை தள்ளினால் போதும். ஜே மரபணுவில் வெவ்வேறு வகைப் பழுதுகள் உண்டு. அவை தரும் தாமதம் எல்லாவற்றிலும் ஒரே அளவு இல்லை. ஈ2, ஈ3 ஆகியவற்றின் எந்த வடிவத்தோடு அது சேர்கிறது என்பதும் நாட்களை மாற்றும். அதனால் ‘செயலிழந்த ஜே இருக்கிறது’ என்ற சொல்லை நம்பி விதை வாங்கக் கூடாது. இங்கே விதைத்து, முளைத்த நாளிலிருந்து முதற்பூ வரை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்படிக் கொழும்பில் பரீட்சை செய்யும்போது வரும் ஒரு கோளாறு தெரு விளக்கு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அடுக்குமாடிப் பல்கனியில் சாடி வைத்தால் இரவு முழுவதும் ஒளி விழும். இரவின் நீளத்தை அளக்கும் பைட்டோகுரோமுக்கு அந்த மங்கிய ஒளியே போதும். செடி அதை நீண்ட பகல் என்று எடுத்துக்கொள்ளும். பூ தள்ளிப்போகும், காய் வந்தபின்னும் இலை பச்சையாகவே நிற்கும். அமெரிக்க வயல்களிலும் தெரு விளக்கை ஒட்டிய சோயா மட்டும் முற்றாமல் பச்சையாக நிற்பது வழக்கமான காட்சி. ஈ3 செந்நிற ஒளி மிகுந்த விளக்குக்கும், ஈ4 தொலைச்சிவப்பு மிகுந்த பழைய இழை பல்புக்கும் கூடுதலாக எதிர்வினை காட்டும். ஆகவே ஒரே இனம் ஒரு வீட்டில் 30 நாளிலும் அடுத்த வீட்டில் 45 நாளிலும் பூத்தால் மரபணுவைத் தேடுமுன் விளக்கைத் தேடுங்கள். மாலை ஆறரைக்குச் சாடியைக் கறுப்புத் துணியால் இரண்டு மடிப்பாக மூடி, காலை ஆறு மணிக்குத் திறந்தால் கணக்கு நேராகும். அடியில் காற்றுப் போக இடம் விடாவிட்டால் இந்த ஊர் ஈரத்தில் இலையில் பூஞ்சணம் பிடிக்கும்.

இனி விதைக்குள் போகலாம்.

உலர்ந்த சோயா விதையில் சுமார் 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய்; மீதியில் பெரும்பங்கு சர்க்கரைகளும் நாரும், 5 சதவீதம் அளவில் சாம்பல். இங்கேயே ஒரு பொதுப் பிழை உண்டு. ஆய்வுகூட அறிக்கைகளில் சில உலர் எடையில் எழுதப்படும், சில 13 சதவீத ஈரத்தில். உலர் எடையில் 40 என்பது 13 சதவீத ஈரத்தில் 34.8 ஆகும், 20 சதவீத எண்ணெய் 17.4 ஆகும். இரண்டு விற்பனையாளரின் தாள்களை ஒப்பிடுமுன் எந்த அடிப்படையில் எழுதியது என்று கேளுங்கள். 35க்கும் 40க்கும் இடையில் இருப்பதாகத் தெரியும் வேறுபாடு பல வேளை வெறும் தண்ணீர்தான்.

புரதமும் எண்ணெயும் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டையும் செடி ஒரே சர்க்கரை வரவிலிருந்துதான் கட்டுகிறது. ஒரு கிராம் எண்ணெய்க்குச் சுமார் 3 கிராம் குளுக்கோசு போகும், ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் இரண்டரை கிராம், மாச்சத்துக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். புரதத்துக்கு நைதரசனும் வேண்டும். ஆகவே புரதத்தைக் கூட்டும் மரபணு பெரும்பாலும் எண்ணெயைக் குறைக்கும், சில வேளை விளைச்சலையும் குறைக்கும். 20ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் புரத இடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காட்டுச் சோயாவிலிருந்து வந்த வடிவம் புரதத்தைச் சுமார் 2 சதவீதப் புள்ளி உயர்த்தும், எண்ணெயைக் கீழே இழுக்கும். பயிராகும் பெரும்பாலான இனங்களில் அதே மரபணுவுக்குள் இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்து கிடக்கிறது. 15ஆம் நிறமூர்த்தத்தில் ஸ்வீட் குடும்பத்தைச் சேர்ந்த சர்க்கரைக் கடத்தி ஒன்று விதைக்குள் சர்க்கரை போவதைக் கட்டுப்படுத்துகிறது. மனிதர் சோயாவைப் பயிராக்கிய காலத்திலேயே எண்ணெய் கூடிய, பெரிய விதை தரும் வடிவம் அந்த இடத்தில் தெரிந்தெடுக்கப்பட்டது.

எண்ணெயின் தரம் வேறு கதை. அதை ஒரு சில நொதியங்களே முடிவு செய்வதால் கையாள்வது இலகு. சாதாரண சோயா எண்ணெயில் சுமார் 11 சதவீதம் பால்மிற்றிக், 4 ஸ்டியரிக், 23 ஒலெயிக், 54 லினோலெயிக், 8 லினோலெனிக் அமிலம். எஃப்ஏடி2-1ஏ, எஃப்ஏடி2-1பி என்ற இரண்டு மரபணுக்கள் ஒலெயிக்கை லினோலெயிக் ஆக்குகின்றன. இரண்டும் செயலிழந்தால் ஒலெயிக் 80 சதவீதத்தை எட்டும். ஒன்று மட்டும் செயலிழந்தால் அந்த உயரம் கிடைக்காது, மற்றது ஈடுகட்டிவிடும். சோயாவின் மூதாதை தன் மரபுத்தொகுதியைச் சுமார் 5.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் இரட்டித்துக்கொண்டதால் முக்கால்வாசி மரபணுக்களுக்கு இப்படி ஒரு சோடி உண்டு. சோயாவில் ஒற்றை மரபணுவை மட்டும் அணைத்துவிட்டு விளைவு வரவில்லை என்று கைவிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனாலும் ஒலெயிக் உயர்ந்த சோயாவுக்காக இங்கே உழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் சமையலறையில் தேங்காயெண்ணெய் இருக்கிறது. சோயா நம்மிடம் வருவது சோயா மீற்றாக, திரிபோஷா சத்துமாவாக, கோழித் தீவனமாக, கொஞ்சம் பாலாகவும் டோஃபுவாகவும். இவை எல்லாம் புரதத்தையும் மணத்தையும் செரிமானத்தையும் சார்ந்தவை. கவனம் அங்கேதான் போக வேண்டும்.

பச்சைச் சோயாவை அரைத்தவுடன் வரும் பச்சை வாடைக்குக் காரணம் லிப்பொக்சிஜனேஸ் நொதியங்கள். விதையில் மூன்று வகை உண்டு. மூன்றும் இல்லாத சோயாவை மரபியலாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். அது கிடைக்காதவர்களுக்கு அதே வேலையை வெப்பம் செய்யும்: ஊறவைத்த பருப்பை 80 பாகை செல்சியசுக்கு மேலான நீரோடு அரைத்தால் நொதியம் வாடையை உருவாக்குமுன் அழியும். குளிர்நீரில் அரைத்துவிட்டுப் பிறகு கொதிக்க வைத்தால் பயனில்லை, வாடை ஏற்கனவே பாலில் கலந்துவிட்டது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் இன்னொன்று. அதில் குனிட்ஸ் வகையைச் செயலிழந்த டிஐ மரபணு நீக்கும். பௌமன்-பேர்க் வகை மிஞ்சும், ஆகவே வேகவைப்பதை விட முடியாது, குறைக்கலாம். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் ராபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளை ஆர்எஸ்2 மரபணுவின் பழுதான வடிவம் வெகுவாகக் குறைக்கும், பதிலுக்கு இனிப்பான சுக்குரோசு ஏறும். டோஃபு செய்பவர்கள் 11எஸ் என்னும் கிளைசினினுக்கும் 7எஸ் என்னும் பீட்டா கொங்கிளைசினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். 11எஸ் கூடினால் கட்டி உறுதியாக வரும். கந்தகம் போதாத மண்ணில் 7எஸ் ஏறி 11எஸ் இறங்கும். மரபணு மாறாமலே கட்டி தளர்ந்துபோகும்.

விதையிலுள்ள தாதுக்களைப் பிணைத்துவைக்கும் பைற்றிக் அமிலம் குறைந்த வகைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஊட்டச்சத்து நோக்கில் அவை நல்லவை, ஏனெனில் இரும்பும் நாகமும் (சிங்க்) உடலில் கூடச் சேரும். ஆனால் எம்ஐபிஎஸ் மரபணு பழுதான வகைகளின் விதை வெப்பமான இடத்தில் விளைந்தால் அடுத்த விதைப்பில் முளைப்புக் குறைகிறது. நம் ஊர் வெப்பத்தில் விதை பெருக்குவது அந்த வகைக்குப் பொருந்தாது.

இந்தப் பண்புகளை ஒரு செடியில் சேர்க்க எத்தனை செடி வேண்டும் என்பதுதான் பலர் குறைத்து மதிப்பிடும் இடம். லிப்பொக்சிஜனேஸ் 1, 2 ஆகியவற்றின் மரபணுக்கள் 13ஆம் நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றாகவே கடத்தப்படும். மூன்றாவது 15இல். டிஐயும் சேர்த்து மூன்று பின்னிடைவான இடங்கள், அதாவது தாய், தந்தை இரு பக்கமும் வந்தால்தான் பண்பு வெளிப்படும். இரண்டாம் தலைமுறையில் மூன்றும் ஒன்றுசேர வாய்ப்பு 64இல் 1. குறைந்தது ஒன்றாவது கிடைக்க 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் 191 விதை பார்க்க வேண்டும். நம் காலத்துக்கு உரிய முதிர்ச்சி மரபணு ஒன்றும் தூய நிலையில் வேண்டுமென்றால் 256இல் 1, 766 செடி. இடமில்லாதவர்கள் இரண்டாம் தலைமுறையில் எல்லாம் சேர்ந்த செடியைத் தேடாமல், வேண்டாத வடிவம் இரட்டையாக உள்ளதை மட்டும் அகற்றிவிட்டு அடுத்த தலைமுறைக்குப் போவது புத்திசாலித்தனம்.

எந்தப் பண்பை எங்கே அளப்பது என்பதும் முக்கியம். லிப்பொக்சிஜனேஸ், டிரிப்சின் தடுப்பான், கொழுப்பமில விகிதம் ஆகியவை விதைக்குள் இருக்கும் கருவின் மரபணுவைச் சார்ந்தவை. ஆகவே முதலாம் தலைமுறைச் செடியில் காய்க்கும் விதைகளிலேயே வேறுபாடு தெரியும். விதைத் தழும்புக்கு எதிர்ப்புறத்தில் வித்திலையிலிருந்து சிறு துண்டை வெட்டிச் சோதித்துவிட்டு மீதியை விதைக்கலாம், முளைக்கும். மொத்தப் புரதம் அப்படியல்ல. தாய்ச் செடி எவ்வளவு நைதரசன் ஊட்டியது என்பது அதில் கலந்திருக்கும், எனவே ஒற்றை விதையை நம்பக் கூடாது. முதிர்ச்சி செடியின் பண்பு; செடி வளர்ந்தால்தான் தெரியும்.

கலப்பின்போது வெள்ளைப் பூச் செடியைத் தாயாகவும் ஊதாப் பூச் செடியைத் தந்தையாகவும் வையுங்கள். சோயா பூ விரியுமுன்னே தன்மகரந்தச் சேர்க்கையை முடித்துவிடும். அதனால் அடுத்த நாள் விரியப்போகும் மொட்டின் புல்லிகளையும் அல்லிகளையும் மகரந்தப் பைகளையும் மெல்லிய சாவணத்தால் அகற்றிவிட்டு, அன்று விரிந்த பூவின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தொட வேண்டும். ஊதா ஆட்சியானது, ஒரு பக்கமிருந்து வந்தாலே வெளிப்படும். கிடைத்த விதை முளைக்கும்போது தண்டின் அடி ஊதாவாக இருந்தால் கலப்பு நடந்தது. பச்சையாக இருந்தால் அது தாயின் சொந்த விதை, பிடுங்கிவிடலாம். இந்த ஒரு தெரிவு பல மாத வீண் வேலையைத் தவிர்க்கும்.

முதிர்ச்சியும் உட்கூறும் ஒன்றையொன்று தொடும் இடம் விதை நிரம்பும் காலம். காயில் விதை 3 மில்லிமீற்றராகும் ஆர்5 நிலையிலிருந்து முதற்காய் நிறம் மாறும் ஆர்7 வரை ஏறத்தாழ ஒரு மாதம். அந்த மாதத்தின் வெப்பம் கூடினால் ஒலெயிக் ஏறி லினோலெனிக் இறங்கும். வறட்சி வந்தால் விதை சிறுக்கும். 80 நாள் இனத்தையும் 105 நாள் இனத்தையும் ஒரே நாளில் விதைத்து, எது புரதம் கூடியது என்று ஒப்பிட்டால் மரபணுவோடு இரண்டு வேறு மாதங்களின் வானிலையையும் சேர்த்தே அளக்கிறீர்கள். அதைத் தவிர்க்க, நாட்கணக்கில் ஒரு கிழமைக்குள் ஒத்த இனங்களை மட்டும் ஒப்பிடுங்கள். அல்லது நீண்டநாள் இனத்தை முன்னதாக விதைத்து விதை நிரம்பும் மாதத்தை ஒன்றாக்குங்கள்.

காற்றின் நைதரசனைச் செடிக்குத் தரும் வேர்முடிச்சு இல்லாத செடியில் புரத மரபணுவைத் தேடுவது வீண். சோயா முன்பு விளையாத மண்ணில் அதற்கு உரிய பிராடிரைசோபியம் பற்றீரியா இருக்காது. விதைக்குமுன் நிழலில் வைத்துச் சர்க்கரைக் கரைசலால் ஈரமாக்கிய விதையில் பற்றீரியாப் பொடியைப் பூசி, அன்றே விதைக்க வேண்டும். பூஞ்சைக்கொல்லி பூசிய விதையில் பற்றீரியாவின் பெரும்பகுதி செத்துவிடும். ஐந்தாம் கிழமையில் ஒரு செடியைத் தோண்டி முடிச்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த விளைச்சலின் புரத எண்ணை இனத்தின் கணக்கில் எழுத வேண்டாம்.

கடைசியாக அறுவடை. காய்களில் நூற்றுக்கு 95 நிறம் மாறிய ஆர்8க்குப் பின் கொழும்பு மழையில் சில நாள் நின்றாலே விதைத்தோல் சுருங்கி, பூஞ்சணம் ஏறி, எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பமிலம் கூடும். நிறம் மாறியவுடன் செடியோடு பிடுங்கிக் கூரையின் கீழ் காற்றாட உலர்த்தி, மெதுவாக உதிர்த்து, ஈரத்தை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து காற்றுப் புகாத கலத்தில் அடையுங்கள். ஈரம் ஒரு சதவீதம் குறையும் ஒவ்வொரு தடவையும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். சாக்கில் கட்டி அறைச் சூட்டில் விட்டால் அடுத்த போகம் வருமுன் முளைதிறன் சரிந்துவிடும். சரிந்தபின் எஞ்சி முளைப்பவை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போவதால் நீங்கள் எண்ணிவைத்த மரபணு விகிதமும் குழம்பும். விதைப்புக்கு இரண்டு கிழமைக்கு முன் 100 விதையை ஈர மணலில் போட்டு எட்டாம் நாள் எண்ணுங்கள். 75க்குக் கீழே இருந்தால் விதை அளவைக் கூட்டுங்கள். 50க்குக் கீழே என்றால் அந்தப் பையைக் கறிக்கு வைத்துக்கொண்டு வேறு விதை தேடுங்கள்.